டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு ஸ்டெம் செல் மாற்று முடியுமா?

கேள்வி: காசிமேட்டில் மீன் ஏலக் கணக்கு எழுதும் என் அப்பாவுக்கு வயது 58. மல்டிபிள் மைலோமா என்னும் இரத்தப் புற்றுநோயால் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. அவருக்கு ஸ்டெம் செல் மாற்று செய்ய இயலுமா? நான் தானம் தரலாமா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: டயாலிசிஸ் மட்டுமே அதற்குத் தடையாகாது, அம்மா. எலும்பு மஜ்ஜையில் கட்டுப்பாடின்றிப் பெருகும் பிளாஸ்மா செல்கள் சுரக்கும் புரதத் துணுக்குகள் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைப்பதாலேயே பெரும்பாலும் இந்தப் பாதிப்பு நேர்கிறது; ஆகவே போர்டிசோமிப் போன்ற மருந்துகளால் அப்புரதத்தை விரைந்து குறைப்பதே முதல் வேலை. உங்கள் தானம் பொதுவாகத் தேவைப்படாது. இரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்களான ஸ்டெம் செல்களை அப்பாவின் இரத்தத்திலிருந்தே பிரித்து உறைநிலையில் பாதுகாத்து, மெல்ஃபலான் மருந்தை அதிக அளவில் கொடுத்து நோயுற்ற செல்களை அழித்த பின்னர், அவருக்கே திரும்பச் செலுத்துவார்கள். உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 200 மி.கி. என்பது வழக்கமான அளவு; சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வாய்ப்புண்ணும் தொற்றும் கடுமையாகலாம் என்பதால் 140 மி.கி.யாகக் குறைப்பதுண்டு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இது நோயை அடக்கும் சிகிச்சையே தவிர, சிறுநீரகத்தைப் புதுப்பிப்பதன்று. சிலர் டயாலிசிஸிலிருந்து விடுபடுகிறார்கள், பலருக்கு அது தொடர்கிறது. இதயத்தின் நிலையையும் பரிசோதித்து, இரத்தவியல் மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் கலந்து முடிவெடுக்கட்டும். அதுவரை, எலும்பு வலிக்கென்று மருந்துக்கடையில் தாமாக வலி மாத்திரை வாங்கி விழுங்க அவரை அனுமதிக்காதீர்கள்.