கணக்குப்பிள்ளை பதில்கள்: மலை ஏரிக்கு ஒரு பில்

கே: பெரு நாட்டு விவசாயி ஒருவர் ஜெர்மனி மின்சாரக் கம்பெனி மேல் வழக்குப் போட்டுத் தோற்றுவிட்டாராமே. பத்து வருஷம் கோர்ட்டுக்கு அலைந்து என்ன பலன்? (வாசகர், மன்னார்குடி)

ப: முப்பது வருஷம் அரிசி ஆலையில் கணக்கு எழுதியவன் நான். இந்த வழக்கில் எனக்கு முதலில் பிடித்துப்போனது அவர் கேட்ட தொகைதான்.

ஆண்டீஸ் மலையில் உவாராஸ் என்றொரு நகரம். அதற்கு மேலே, பனிப்பாறையை ஒட்டி, பல்காகோச்சா ஏரி. 1941 டிசம்பரில் அது கரை உடைந்து இறங்கியதில் ஊரில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. பிறகு சிறுத்துக் கிடந்த ஏரி, பனி உருக உருக வளர்ந்து 1.7 கோடி கன மீட்டரைத் தாண்டியது. பெரிய பனிப்பாளம் ஒன்று சரிந்து விழுந்தால் அலை கரையைத் தாண்டிவிடும். கேனில் டியூப் போட்டு, வாயால் இழுத்து மண்ணெண்ணெய் இறக்குவோமே, அதே முறையில் பெரிய பிளாஸ்டிக் குழாய்கள் அங்கே ஏரித் தண்ணீரை இறக்குகின்றன. மேலே ஆட்கள் காவல் இருக்கிறார்கள்.

அந்த ஊர்க்காரர் சவுல் லூசியானோ லியூயா. விவசாயம், மலையேறுபவர்களுக்கு வழிகாட்டும் வேலை. 2015இல் எஸ்ஸன் நகர நீதிமன்றத்தில் அவர் கேட்டது இதுதான்: தொழில்யுகம் தொடங்கியதிலிருந்து உலகம் விட்ட, பூமியைச் சூடாக்கிப் பனியை உருக்கும் புகையில் ஆர்.டபிள்யூ.ஈ. கம்பெனியின் பங்கு 0.47 சதவீதம், ஏரியிலிருந்து ஊரைக் காக்க ஆகும் செலவிலும் அதே 0.47 சதவீதத்தைக் கொடுங்கள். சுமார் 17,000 யூரோ. மன உளைச்சலுக்கு இவ்வளவு என்று ஒரு வரி கூடச் சேர்க்கவில்லை. எங்கள் ஆலைக்கு வந்த லாரி வாடகை பில்களை நினைத்துக்கொண்டேன்.

கம்பெனி பெருவில் ஓர் அனல்மின் நிலையம்கூட நடத்தியதில்லை. அப்புறம் எப்படி வழக்கு? கிட்டத்தட்ட நம் பக்கத்து வீட்டுத் தகராறு மாதிரிதான். உங்கள் சொத்துக்கு இடைஞ்சல் செய்பவர் அதை நீக்கித் தர வேண்டும் என்கிறது ஜெர்மன் உரிமையியல் சட்டத்தின் 1004ஆம் பிரிவு. அடுத்த வீட்டு முருங்கை உங்கள் ஓட்டின் மேல் சாய்ந்தால் என்ன கேட்பீர்களோ, அதையே கடல் தாண்டிக் கேட்டார்.

எஸ்ஸன் தள்ளுபடி செய்தது. ஹாம் நகர மேல்நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. 2022இல் நீதிபதிகளே உவாராஸ் போய்ப் பார்த்தார்கள். 2025 மே 28 அன்று தீர்ப்பு: அடுத்த 30 ஆண்டுகளில் இவர் வீட்டுக்கு வெள்ளம் வரும் வாய்ப்பு ஒரு சதவீதம் அளவுதான், அது போதாது, தள்ளுபடி. ஆனால் அதே தீர்ப்பு, புகை விடும் பெரிய கம்பெனிகளுக்கு இந்தப் பொறுப்பு உண்டாகலாம், தூரம் மட்டும் அதற்குத் தடையில்லை என்றும் சொல்லிவிட்டது. பணம் வரவில்லை, சரி. அடுத்து வழக்குப் போடுபவர் அந்த இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.

கே: 2022 எகிப்து பருவநிலை மாநாட்டில் ஏழை நாடுகளுக்கு இழப்பீட்டு நிதி என்றார்களே, பணம் வந்ததா? (வாசகி, காரைக்கால்)

ப: ‘இழப்பீடு’ என்று சொல்லிவிடாதீர்கள், பணக்கார நாடுகளுக்கு ஆகாது. ‘இழப்பும் சேதமும்’ நிதி என்றுதான் பெயர். 2023இல் துபாயில் நடந்த அடுத்த மாநாட்டில் அமெரிக்கா தருவதாகச் சொன்னது 1.75 கோடி டாலர். 2022 வெள்ளத்தில் பாகிஸ்தானுக்கு மட்டும் ஆன நஷ்டம் 3,000 கோடி டாலருக்கு மேல். உலகப் புகையில் அந்த நாட்டின் பங்கோ ஒரு சதவீதத்துக்கும் கீழே. பேரேட்டில் எதிரெதிரே எழுதிப் பார்த்தேன். 1,700இல் ஒரு பங்குகூடத் தேறவில்லை. மற்ற நாடுகள் கூடுதலாகச் சொன்னது உண்மை. அமெரிக்கா 2025இல் அந்த நிதியின் நிர்வாகக் குழுவிலிருந்தே எழுந்து போய்விட்டது.

கே: நாமும்தானே நிலக்கரி எரிக்கிறோம்? (வாசகர், நெய்வேலி)

ப: உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் சந்தோஷம். புகையின் மொத்தக் கணக்கில் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்து நாம்தான். ஆளுக்கு வகுத்தால் நமக்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு, அமெரிக்கருக்குச் சுமார் 14. டெல்லியில் பேசுபவர்கள் இந்த இரண்டாவது கணக்கை மட்டும் எடுத்துப்போவார்கள். சராசரி ஒரு போக்கிரி சார். மூன்று கார் வைத்திருப்பவர், சைக்கிளில் மீன் விற்பவரின் முதுகுக்குப் பின்னால் சௌகரியமாக ஒளிந்துகொள்கிறார்.

கே: உங்கள் வீட்டில் ஏசி உண்டா? உண்மையைச் சொல்லவும். (வாசகி, தஞ்சாவூர்)

ப: உண்டு. மகன் மாட்டியது. சித்திரை, வைகாசி ராத்திரிகளில் ஓடும். வெளிப்பெட்டியின் சூடு நேராகப் பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னலில் அடித்திருக்கிறது. ஒரு வருஷம் பொறுத்துவிட்டுத்தான் அந்த அம்மா வந்து சொன்னார். போன மாதம் மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டோம். ஆள்கூலி, செம்புக்குழாய் எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய். நூறு சதவீதமும் என் கணக்கில்.