அவரே பதில் எழுதி வைத்துவிட்டுப் போனார்

கேள்வி: 1996-ல் அல்ஜீரியாவில் ஏழு கிறிஸ்தவத் துறவிகளின் தலையை வெட்டிக் கொன்றார்கள். காலமெல்லாம் முஸ்லிம்களுக்கு வைத்தியம் பார்த்தவர்களுக்கு முஸ்லிம்கள் செய்த கைம்மாறு இதுதான். ஓடிப்போக வாய்ப்பு இருந்தும் அங்கேயே உட்கார்ந்திருந்தது அசட்டுத்தனம் இல்லையா? இதை மட்டும் ஏன் யாரும் பேசுவதில்லை?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: உங்களுக்கான பதிலை நான் எழுத வேண்டியதில்லை. கொல்லப்பட்டவர்களில் ஒருவரே எழுதிவிட்டார், அதுவும் சாவதற்கு இரண்டு வருடத்துக்கும் மேல் முன்பாக.

அவர் அல்ஜீரியாவின் திபிரின் மடத்தின் தலைவர் கிறிஸ்தியன் த ஷெர்ஜே. வெளிநாட்டவர் எல்லாரும் நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும் என்று அரசோடும் ராணுவத்தோடும் போரிட்டுக்கொண்டிருந்த ஜி.ஐ.ஏ. என்ற இஸ்லாமிய ஆயுதக் குழு வைத்த கெடு 1993 டிசம்பர் 1-ல் முடிந்தது. அன்றைக்குத்தான் அவர் தன் மரண சாசனத்தை எழுதத் தொடங்கினார். 1994 ஜனவரி 1-ல் முடித்தார். உறையைப் பிரித்துப் படித்தது 1996 மே 26, பெந்தகோஸ்து ஞாயிறு. தன்னை வெகுளி என்றும் கனவு காண்பவர் என்றும் முன்பே முடிவு கட்டியவர்கள், தன் சாவைக் காட்டி ‘பார்த்தீர்களா’ என்பார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார். தான் நேசிக்கும் இந்த மக்களை ஒட்டுமொத்தமாகத் தன் கொலைக்குக் குற்றவாளியாக்குவதில் தனக்குச் சந்தோஷம் இல்லை என்கிறார். ‘மறைசாட்சி’ (விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்) என்ற பெருமை தனக்குக் கிடைப்பதற்காக ஓர் அல்ஜீரியர் கொலைகாரராக வேண்டுமென்றால், அந்த விலை மிக அதிகம் என்றும் சொல்கிறார். உங்கள் கேள்வியின் இரண்டாவது வாக்கியத்தை அவர் முன்கூட்டியே படித்துவிட்டதுபோல இருக்கிறது.

அவருக்கு அந்த மக்கள்மேல் ஏன் அந்தக் கடன்? 1959-ல், பிரெஞ்சு ராணுவ அதிகாரியாக அங்கே இருந்தபோது, முகமது என்ற ஊர்க்காவலர் அவருடைய நண்பர். ஒரு மோதலில் குறுக்கே நின்று ஷெர்ஜேயைக் காப்பாற்றினார். மறுநாள் கிணற்றடியில் பிணமாகக் கிடந்தார். பத்துப் பிள்ளைகளுக்குத் தகப்பன். கைம்மாறு என்று கணக்குப் பார்ப்பதானால் முதல் பற்று இங்கே எழுதப்பட வேண்டும்.

அடுத்து ‘அசட்டுத்தனம்’. யோசிக்காமல் இருந்துவிட்டவர்களைச் சொல்லும் சொல் அது. இவர்கள் கூடிப் பேசி, வாக்கெடுத்து, நிபந்தனை போட்டுத் தங்கியவர்கள். 1993 டிசம்பர் 14-ல் பக்கத்துத் தமெஸ்கிதாவில் குரோஷியத் தொழிலாளர்கள் 12 பேர் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டார்கள். பத்தே நாளில், கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, அந்த வட்டாரத்து ஆயுதக் குழுத் தலைவன் சயா அத்தியா மடத்துக்கே வந்தான். இந்த வீட்டுக்குள் துப்பாக்கி வராது, வெளியே பேசலாம் என்று ஷெர்ஜே அவனை வாசலுக்கு அழைத்துப்போனார். வந்தவன் கேட்டவை மூன்று: மருத்துவர், மருந்து, பணம். ஷெர்ஜே சொன்ன பதில்: மருத்துவருக்கு வயதாகிவிட்டது, ஆஸ்துமாவும் இருக்கிறது, மலைக்கு வர முடியாது. மருந்தகத்துக்கு வருகிற நோயாளி யாராக இருந்தாலும் பார்ப்பார், மருந்தும் அவரவர் தேவைக்குத்தான். பணம் இல்லை. குர்ஆன் வசனம் ஒன்றையும் சொல்லி, நாளை அமைதியின் அரசர் பிறந்த நாள் என்றார். அவன் போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவர்கள் ஆடிப்போனார்கள் என்பதும் உண்மைதான். கிளம்பிவிடும் மனநிலைதான் முதலில் இருந்தது. எல்லாரும் ஒரேயடியாகப் போனால் ஊர் கலங்கிவிடும் என்று அல்ஜியர்ஸ் பேராயர் தெய்சியே சொன்னார். பிறகு ஒவ்வொன்றாக முடிவெடுத்தார்கள்: யாருக்கும் பணம் கொடுப்பதில்லை; காயம்பட்டு வருபவருக்கு மருத்துவம் மறுப்பதில்லை; இங்கே புதிதாக இளந்துறவிகளைச் சேர்ப்பதில்லை; போய்த்தான் தீர வேண்டுமென்றால் மொராக்கோ மடத்துக்குப் போய் அங்கிருந்து திரும்பக் காத்திருப்பது. மாநில ஆளுநர் தருவதாகச் சொன்ன ஆயுதக் காவலையும் ஏற்கவில்லை. ராணுவத்தின் பக்கம் சாய்ந்ததாகிவிடும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைக்காத காவல் தங்களுக்கு மட்டும் எதற்கு? ‘நிலைத்திருத்தல்’ துறவிகளாக அவர்கள் எடுத்த வார்த்தைப்பாடுகளில் ஒன்று. மடத்துக்கு மட்டுமல்ல, அக்கம்பக்கத்தாருக்கும் சேர்த்துக் கொடுத்த வாக்கு என்றே அதைப் புரிந்துகொண்டார்கள். நிலத்தை ஊர்க்காரர்களோடு கூட்டாகப் பயிரிட்டார்கள், ஒரு அறையை ஊர்த் தொழுகைக்கு விட்டிருந்தார்கள். மருத்துவர் சகோதரர் லூக் 1946 முதல் இலவசமாக வைத்தியம் பார்த்தவர். 1959-லும் ஒருமுறை கடத்தப்பட்டு, மருத்துவர் என்று அடையாளம் தெரிந்ததும் விடுவிக்கப்பட்டார். 1996-ல் அவருக்கு வயது 82.

மார்ச் 26-27 நள்ளிரவு தாண்டி ஏறக்குறைய இருபது பேர் வந்து ஏழு பேரைக் கொண்டுபோனார்கள். மடத்திலேயே இருந்த வேறு இருவர் அகப்படவில்லை. மடத்தில் இருப்பது ஏழு பேர் என்பதுதான் வந்தவர்களின் கணக்கு. அந்த ஏழாவது ஆள், மொராக்கோவிலிருந்து விருந்தாளியாக வந்திருந்த துறவி புரூனோ. மே 30-ல் கிடைத்தவை தலைகள் மட்டுமே. கொன்றது தாங்களே என்று ஜி.ஐ.ஏ. அறிவித்தது. ஆனால் ராணுவத்தின் கை இதில் எந்த அளவு என்ற கேள்வி இன்றும் தீரவில்லை. 2014-ல் பிரெஞ்சு நீதிபதி முன்னிலையில் தலைகளைத் தோண்டி எடுத்தது அதற்காகத்தான். நீங்கள் எழுதியதுபோல அவ்வளவு நிச்சயமாக எழுத எனக்குத் துணிவில்லை.

யாரும் பேசவில்லை என்பதும் சரியல்ல. இந்த ஏழு பேர் உள்பட 1994-96-ல் கொல்லப்பட்ட 19 பேருக்கு 2018 டிசம்பர் 8-ல் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கொடுத்தார்கள். ரோமில் அல்ல, அல்ஜீரியாவின் ஓரான் நகரத்தில். அதே பத்தாண்டுகளில் கொல்லப்பட்ட இமாம்களையும் திருச்சபை அப்போது நினைவுகூர்ந்தது.

அந்த 19 பேரில் கடைசியாகப் போனவர் ஓரான் ஆயர் பியர் கிளவேரி. 1996 ஆகஸ்ட் 1, வீட்டு வாசலில் குண்டு. அவரோடு செத்தவர் காரோட்டி முகமது பூஷிக்கி, வயது 21. ஆபத்து தெரிந்தே ஆயரோடு இருந்தவர். பிஸ்மில்லாஹ் என்று தொடங்கி எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். திருமுழுக்குப் பெறாதவர் என்பதால் 19-ல் அவர் இல்லை. ‘முஸ்லிம்கள் செய்த கைம்மாறு’ என்று எழுதினீர்களே, அதில் இவரை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?