ஆன்லைன் கோர்ஸ் தளம்: டெமோவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

கேள்வி: கரூரில் பதினொரு ஆண்டுகளாக டேலி (கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் மென்பொருள்), ஜிஎஸ்டி வகுப்பு நடத்துகிறேன். நேரில் வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் பாடங்களை வீடியோவாக எடுத்து ஆன்லைனில் போடலாம் என்றிருக்கிறேன். மூன்று கம்பெனிக்காரர்கள் வந்து டெமோ காட்டினார்கள். மூன்றுமே நன்றாகத்தான் இருக்கின்றன, விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. மாணவர்களுக்கு எது சுலபமாக இருக்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 'யூசர் எக்ஸ்பீரியன்ஸ்' என்கிறார்களே, அதைச் சோதிக்க ஆள் வைக்க வேண்டுமா?

பதில்: ஆள் வைக்க வேண்டாம். ஒரு வார இறுதியும் ஐந்து மாணவர்களும் போதும். கூடவே, வாயை மூடிக்கொண்டு உட்காரும் பொறுமையும் வேண்டும். அதுதான் வாத்தியார்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்.

மூன்று டெமோவும் நன்றாக இருந்ததில் ஆச்சரியமில்லை. காட்ட வந்தவர் அந்த ஆப்பில் தினமும் புழங்குகிறவர், எந்தப் பட்டன் எங்கே என்று அவர் விரலுக்கே தெரியும். லேப்டாப்பும் அவருடையது, வைஃபை உங்கள் ஆபீசுடையது, கணக்கில் ஏற்கெனவே லாகின் செய்து வைத்திருப்பார். உங்கள் மாணவி பார்க்கப்போவது இரவு ஒன்பது மணிக்கு, சமையலறை வேலை முடிந்தபின், மூன்று வருடப் பழைய போனில்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தையல் பயிற்சி ஆப்பைச் சோதித்துக் கொடுக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நாற்பது வயதிருக்கும் ஒரு அம்மா, பிளவுஸ் வெட்டும் பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாவது நிமிடத்தில் அவருக்கு ஒரு போன் வந்தது. பேசிவிட்டுத் திரும்பினால் ஆப் முகப்புப் பக்கத்தில் நிற்கிறது. பாடத்தைத் தேடித் திறந்தார். வீடியோ முதலிலிருந்து ஓடியது. கட்டை விரலால் அந்த மெல்லிய கோட்டை நகர்த்தினார், பதினோராவது நிமிடத்துக்குப் போனது. பின்னால் இழுத்தார், மூன்றுக்கு வந்தது. மூன்றாவது முறை தவறியதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அப்புறம் பாத்துக்கறேன் சார்" என்றார். கடைசியில் கருத்துப் படிவம் கொடுத்தோம். ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம்! "ரொம்ப நல்லா இருக்கு" என்று எழுதியும் கொடுத்தார்.

ஆப்பை உருவாக்கியவர்களின் போனில் இந்தப் பிரச்சினை வரவே இல்லை. காரணம் எளிமையானது. மெமரி குறைந்த ஆண்ட்ராய்டு போனில் வேறொரு வேலை வந்தால் பின்னால் இருக்கும் ஆப்பை போன் மூடிவிடும். அந்த ஆப், வீடியோவை ஒழுங்காக நிறுத்தி வெளியே வந்தால் மட்டுமே நின்ற இடத்தைக் குறித்து வைத்தது. அழைப்பு வந்து அறுந்துபோனால் குறிப்பும் போச்சு.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் யாரையாவது "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் வரும். அதுவும் கேட்பவர் வாத்தியார் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் அபிப்பிராயம் கேட்காதீர்கள். வேலையைக் கொடுத்துவிட்டுக் கையைப் பாருங்கள்.

ஐந்து பேர் என்பது நானாகச் சொன்ன கணக்கல்ல. ஜேகப் நீல்சன் என்ற பயன்பாட்டியல் நிபுணர் 2000-இல் எழுதிய ஒரு கட்டுரையில் வருவது. ஒருவரை வைத்துச் சோதித்தால் சராசரியாக 31 சதவீதக் குறைகள் தெரியும், ஐந்து பேரை வைத்தால் ஏறக்குறைய 85 சதவீதம் வெளியே வந்துவிடும் என்பது அவர் கணக்கு. ஒன்றை மறக்க வேண்டாம்: இது குறைகளைக் கண்டுபிடிக்கத்தான். ஐந்து பேரில் மூவருக்கு 'அ' தளம் பிடித்தது, அதனால் அதுதான் சிறந்தது என்று தேர்தல் நடத்தி முடிவு செய்ய இந்த எண்ணிக்கை போதாது.

ஐவரையும் கெட்டிக்கார மாணவர்களாகப் பொறுக்கிவிடாதீர்கள். ஒரு டெக்ஸ்டைல் கம்பெனியில் பில் போடும் பையன், குழந்தை பிறந்தபின் வேலைக்குத் திரும்ப நினைக்கும் பெண், ஐம்பதைத் தாண்டிய கணக்குப்பிள்ளை என்று கலந்து எடுங்கள். அவரவர் சொந்தப் போனில்தான் பார்க்க வேண்டும். வைஃபை கூடாது, மொபைல் டேட்டா மட்டும். மூன்று தளத்தையும் எல்லோரும் ஒரே வரிசையில் பார்த்தால் கடைசியில் வருவது சுலபமாகத் தெரியும், அதற்குள் கை பழகியிருக்கும். ஆளுக்கு ஆள் வரிசையை மாற்றுங்கள்.

கொடுக்கும் வேலை உங்கள் பாடத்திலிருந்தே வர வேண்டும். நான் இப்படிக் கொடுப்பேன்: "புதுசாகக் கணக்கு தொடங்கி உள்ளே போங்கள். விற்பனை வவுச்சர் போடும் பாடத்தைக் கண்டுபிடியுங்கள். ஐந்து நிமிடம் பாருங்கள்." அந்த ஐந்து நிமிடத்தில் நீங்களே அவருக்கு ஒரு போன் போடுங்கள். பேசி முடித்தபின், "விட்ட இடத்திலிருந்து பாருங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு, "இந்தப் பாடத்தில் ஒரு சந்தேகம், எங்கே கேட்பீர்கள்?" கடைசியாக, "நாளை பஸ்ஸில் சிக்னல் இருக்காது, இன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்."

அவர் தடுமாறும்போது "மேலே பாருங்க, அந்த மூணு கோடு" என்று நாக்கு நுனி வரை வரும். சொல்லாதீர்கள். வீட்டில் அவருக்குப் பக்கத்தில் நீங்கள் இருக்கப் போவதில்லை. எங்கே விரல் நின்றது, எத்தனை முறை தவறான இடத்துக்குப் போய்த் திரும்பினார், எப்போது பெருமூச்சு விட்டார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்.

லாகினில் ஒரு விஷயத்தைத் தனியாகக் கவனியுங்கள். ஓடிபி எந்த எண்ணுக்குப் போகிறது? வீட்டில் பல பெண்களின் கணக்குகள் கணவரின் எண்ணில்தான் இருக்கும். ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்கும் ஆப் என்றால், கணவர் வேலைக்குப் போனபின் அந்தப் பெண்ணால் பாடமே பார்க்க முடியாது.

உங்கள் பாடத்துக்கே உரிய சிக்கல் திரை. டேலியைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து ஆறரை இஞ்ச் போனில் காட்டினால் லெட்ஜர் பெயர்கள் எறும்பு வரிசைபோலத் தெரியும். F8 (விற்பனை) அழுத்தினீர்களா F9 (கொள்முதல்) அழுத்தினீர்களா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். விற்பனைக்குப் பதில் கொள்முதலைத் திறந்துவிட்டுக் குழம்புவார்கள். இரண்டு விரலால் வீடியோவைப் பெரிதாக்க முடிகிறதா, பெரிதாக்கிய நிலையிலேயே நிறுத்தி ஓட்ட முடிகிறதா என்று மூன்று தளத்திலும் பாருங்கள். டான்ஸ் கிளாசுக்கு இது தேவைப்படாது, உங்களுக்கு இது உயிர். பத்து நொடி பின்னால் போகும் பட்டனும் அப்படித்தான். போனில் பார்த்துக் கம்ப்யூட்டரில் செய்து பழகுகிறவர் அதை ஒரு பாடத்துக்கு இருபது முறையாவது தொடுவார்.

வீடியோ நீளம் தளத்தின் தவறல்ல, உங்கள் கையில் இருப்பது. ஆனாலும் இரண்டுக்கும் தொடர்பு உண்டு. எட்எக்ஸ் என்ற ஆன்லைன் கோர்ஸ் தளத்தில் 69 லட்சம் வீடியோ பார்வைகளை அலசி 2014-இல் ஒரு ஆய்வு வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்க்கும் நேரத்தின் இடைநிலை அளவு (மீடியன்) ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்று அதில் தெரிந்தது. உங்கள் ஒரு மணி நேர வகுப்பு ஒவ்வொன்றையும் பத்துத் துண்டாக்கினால் மொத்தம் நூற்றுக்கு மேல் வீடியோ வரும். டெமோவில் காட்டியது ஐந்தாறு வீடியோதான் இருந்திருக்கும். நூறு வீடியோ பட்டியலில் பார்த்ததும் பார்க்காததும் பிரித்துத் தெரிகிறதா, ஜிஎஸ்டி பாடத்தில் வரும் "ரிவர்ஸ் சார்ஜ்" என்ற சொல்லைத் தமிழில் தேடினால் வருகிறதா என்று கேளுங்கள். வாயால் பதில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், நூறு டம்மி பாடத்தை ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

டேட்டா செலவையும் அளந்துவிடலாம். போன் செட்டிங்ஸில் ஆப்வாரியாக எவ்வளவு டேட்டா போனது என்று இருக்கும். அரை மணி நேரம் பார்ப்பதற்கு முன்னும் பின்னும் குறித்துக் கழியுங்கள். தினம் ஒன்றரை ஜிபி பேக் போட்டிருப்பவருக்கு, தரத்தைத் தானே குறைத்துக்கொள்ள வழியில்லாத ஆப் சுமைதான்.

எல்லாம் முடிந்தபின் எண் வேண்டும் என்றால், எஸ்யூஎஸ் (சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல்) என்ற பத்து வாக்கியப் படிவம் இருக்கிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும், ஒத்துக்கொள்ளவே இல்லை என்றால் ஒன்று, முழுக்க ஒத்துக்கொள்கிறேன் என்றால் ஐந்து என்று மதிப்பெண் போட வேண்டும். ஜான் புரூக் 1986-இல் உருவாக்கியது, இன்னும் அதைத்தான் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். ஒற்றைப்படை வாக்கியங்கள் புகழும், இரட்டைப்படை வாக்கியங்கள் குறை சொல்லும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஐந்து போடுகிறவர் மாட்டிக்கொள்வார். ஒற்றைப்படைக்குக் கொடுத்த மதிப்பெண்ணில் ஒன்றைக் கழியுங்கள், இரட்டைப்படைக்குக் கொடுத்ததை ஐந்திலிருந்து கழியுங்கள், எல்லாவற்றையும் கூட்டி இரண்டரையால் பெருக்குங்கள். கூட்டுத்தொகை 27 வந்தால் 67.5. சராசரி என்று பொதுவாகச் சொல்லப்படுவது 68, ஆக இது நடுத்தரம்தான். இதைப் பள்ளி மார்க்போல 67 சதவீதம் என்று படித்துவிடாதீர்கள். நோட்டில் எழுதியதும் இந்த எண்ணும் முரண்பட்டால் நான் நோட்டைத்தான் நம்புவேன்.

பணம் கட்டும் பக்கத்தை நீங்களே கட்டிப் பாருங்கள். கடைசிப் படியில் மட்டும் கூடுதல் கட்டணம் முளைப்பது, "இன்னும் பத்து நிமிடம்தான் இந்த விலை" என்று பொய்க் கடிகாரம் ஓடுவது, சந்தாவை நிறுத்தும் வழியை ஒளித்து வைப்பது, இவையெல்லாம் 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த 13 ஏமாற்று வடிவமைப்புகளில் வருபவை. தளம் கம்பெனியுடையதானாலும், திட்டு வாங்கப்போவது உங்கள் பெயர்.

இரண்டு வாரம் சோதிக்கக் கணக்கு கொடுங்கள் என்று மூவரிடமும் கேளுங்கள். கொடுக்காதவரை அங்கேயே கழித்துவிடலாம். மற்றவர்களிடம் உங்கள் சோதனையில் வந்த குறைகளை எழுதி அனுப்பி, எதை எத்தனை நாளில் சரி செய்வார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். கூடவே ஒரு கேள்வி: ஒரு வருடம் கழித்து வேறு தளத்துக்கு மாறினால், வீடியோக்களும் மாணவர் பட்டியலும் யார் எவ்வளவு பார்த்தார்கள் என்ற பதிவும் உங்கள் கைக்கு வருமா? வராது என்றால் விலையைப் பேசவே ஆரம்பிக்காதீர்கள்.