கேட்டது நண்பர் ஒருவர்தான்: அவர் சாட்சியம் எடுபடுமா?

கேள்வி: ஸ்காபரோவில் ஒரு வெயார்ஹவுஸில் வேலை செய்கிறேன். சுப்பர்வைசர் என் நிறத்தையும் நான் பேசும் ஆங்கிலத்தையும் சொல்லி இழிவாகப் பேசினார். அடுத்த கிழமையே என் ஓவர்டைம் நிறுத்தப்பட்டது. அந்த இழிபேச்சைக் காதால் கேட்டவர் ஒரேயொருவர். அவரும் என் நண்பர். சுப்பர்வைசர் பக்கம் மூன்று பேர் மறுக்கிறார்கள். ஒன்ராறியோ மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் என் பேச்சு எடுபடுமா?

பதில்: எடுபடலாம். தீர்ப்பாயம் தலை எண்ணுவதில்லை. நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். குற்றச்சாட்டு எவ்வளவு பாரதூரமானதாக இருந்தாலும் சிவில் வழக்குக்கு அளவுகோல் இந்த ஒன்றுதான் என்று கனடிய உச்ச நீதிமன்றம் 2008இல் மக்டூகல் வழக்கில் தெளிவாகச் சொன்னது. பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலத்துக்கு வேறொரு சான்று துணை நின்றே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

அந்த மூன்று பேரும் மறுப்பது எதை? “அப்படிச் சொல்லவில்லை” என்பது வேறு, “எனக்குக் கேட்கவில்லை” என்பது வேறு. போர்க்லிஃப்ட் ஓடும் இரைச்சலில், இரண்டு வரிசை தள்ளி நின்றவருக்குக் கேட்காமல் போனது உங்கள் கதையைப் பொய்யாக்காது. அன்றைய ஷிப்ட் பதிவில் யார் எங்கே இருந்தார்கள் என்று பாருங்கள். அந்த மூவரும் சுப்பர்வைசரிடமே சம்பள உயர்வுக்கும் விடுமுறைக்கும் கையேந்த வேண்டியவர்கள் என்பதும் கணக்கில் வரும்.

நண்பர் என்பதற்காக உங்கள் சாட்சி தள்ளுபடி ஆகமாட்டார். அவருக்கு உங்கள்மேல் சாய்வு இருக்கலாம் என்று எடைபோடுவார்கள், அவ்வளவுதான். “அன்று இவர் பிந்தித்தான் வந்தார், சுப்பர்வைசருக்குக் கோபம் வர அதுவும் காரணம்” என்று உங்களுக்குப் பாதகமானதையும் அவர் ஒளிக்காமல் சொன்னால், மற்றதை நம்ப அதுவே வழிவிடும். தயவுசெய்து இருவரும் உட்கார்ந்து கதையை ஒத்திகை பார்க்காதீர்கள். இரண்டு வாக்குமூலங்கள் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தால் எந்தத் தீர்ப்பாளருக்கும் சந்தேகம் வரும். நாள் தவறினாலும், உடுப்பின் நிறம் தவறினாலும் பெரிய பாதிப்பில்லை. என்ன சொல்லப்பட்டது, யாரிடம், அடுத்து என்ன நடந்தது என்பவை மாறக்கூடாது.

நம்மவர்களுக்கு ஒரு பயம் உண்டு: மேலதிகாரி முன் தலை குனிந்து பேசிப் பழகியவர்கள், கண்ணைப் பார்க்காமல் பேசினால் பொய் என்று நினைத்துவிடுவார்களோ என்று. சாட்சி சொல்லும்போது ஒருவர் தோன்றும் விதத்தை மட்டும் வைத்து நம்பகத்தன்மையைத் தீர்மானிக்கக்கூடாது என்று 1951இலேயே பிரிட்டிஷ் கொலம்பியா மேன்முறையீட்டு நீதிமன்றம் ஃபரினா எதிர் சோர்னி வழக்கில் எச்சரித்தது. அந்த இடத்தில், அந்தச் சூழலில், விபரம் தெரிந்த ஒருவர் நடந்திருக்கும் என்று ஏற்கக்கூடியதோடு கதை பொருந்துகிறதா என்பதே கேள்வி. ஆங்கிலத்தில் தடுமாறுவீர்கள் என்றால் வெட்கப்படாமல் முன்கூட்டியே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

பொருந்துகிறதா என்று காட்டுவது பெரும்பாலும் காகிதம்தான். அன்றிரவே மனைவிக்கு அனுப்பிய குறுஞ்செய்தி, ஓவர்டைம் பட்டியல், மனிதவளப் பிரிவுக்கு எழுதிய மின்னஞ்சல். ஓவர்டைமை வெட்டியதற்கு நிறுவனம் முதலில் “வேலை குறைந்தது” என்றும் பிறகு “உங்கள் வேகம் போதாது” என்றும் சொன்னால், உங்கள் பக்கம் இன்னொரு சாட்சி கிடைப்பதைவிட அது பெறுமதியானது. பிரம்ரன் நீதிமன்ற வளாகத்தின் வழக்கறிஞர் ஓய்வறையில் கறுப்பின வழக்கறிஞர்களிடம் அடையாள அட்டை கேட்கப்பட்ட வழக்கில் பாகுபாடு நடந்தது என்ற தீர்ப்பாயத்தின் தீர்ப்பை ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் மீண்டும் நிலைநிறுத்தியது. தரப்பட்ட விளக்கம் நம்பத்தக்கதாக இல்லை என்று தீர்ப்பாயம் கண்டிருந்தது அதில் முக்கியம். இனம் ஒரேயொரு காரணமாக இருக்கத் தேவையில்லை; காரணங்களில் ஒன்றாக இருந்தாலே போதும்.

நண்பர் வேலை போய்விடுமோ என்று தயங்கினால், தீர்ப்பாயத்தின் அழைப்பாணை மூலம் அவரை வரவழைக்கலாம். சாட்சி சொன்னதற்காகப் பழிவாங்குவதை மனித உரிமைச் சட்டக்கோவையின் 8ஆம் பிரிவு தடுக்கிறது. விண்ணப்பத்தைச் சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போட்டுவிடுங்கள்.