பில் பாக்கிக்காகக் கிடங்குக்காரர் சரக்கைப் பிடித்துவைக்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் பெட்ஷீட் வியாபாரம். கேட்லாக் அடித்து அனுப்பி, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கிறோம். தீபாவளி நெரிசலுக்காக பேக்கிங், கூரியர் வேலையைக் கோவையில் ஒரு கிடங்குக்காரரிடம் விட்டோம். தினம் 300 பார்சல் என்றவர் 110-ஐத் தாண்டவில்லை. பாதி ஆர்டர் ரத்து. மிச்சமுள்ள 2,100 பெட்ஷீட்டைக் கேட்டால், 3.8 லட்ச ரூபாய் பில்லைக் கட்டினால்தான் விடுவேன் என்கிறார்.

பதில்: 'பாக்கி தீரும்வரை சரக்கை நிறுத்திவைக்கலாம்' என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அவர் கை ஓங்கும். இல்லையென்றால், மொத்தப் பாக்கிக்கும் சரக்கைப் பிடிக்கும் உரிமை 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆம் பிரிவில் வங்கி முதலான சிலருக்குத்தான். கிடங்குக்காரர் அதில் இல்லை. அவர் 170-ஐக் காட்டுவார். அது எந்தப் பொருளில் உழைத்தாரோ அந்தப் பொருளுக்கு, அந்தக் கூலிக்கு மட்டும். கூரியரில் போய்விட்ட பார்சலின் கூலிக்காக, பேல் (மூட்டை) பிரிக்காமல் கிடக்கும் சரக்கைப் பிடிக்க அது உதவாது.

அதற்காகப் பில்லைக் கிடப்பில் போட்டுவிடாதீர்கள். பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அவர் உத்யம் (மத்திய அரசின் குறு, சிறு, நடுத்தர நிறுவனப் பதிவு) பதிவுள்ள குறு அல்லது சிறு நிறுவனமென்றால், ஒப்பந்தம் என்ன சொன்னாலும் அதிகபட்சக் கெடு 45 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக ஏறும். வேலை நடந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபித்திருந்தால் பிழைத்தீர்கள். போனில் சத்தம் போட்டது கணக்கில் வராது. உண்மையில் போன பார்சலுக்கான தொகையைக் கட்டி, மீதியை ஏன் மறுக்கிறீர்கள் என்று பதிவுத் தபாலில் எழுதுங்கள்.

நஷ்டஈடு அந்த '300' எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. வாட்ஸ்அப்பில் இருந்தாலும் போதும். 2023 சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் மின்னணுப் பதிவுச் சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். தீபாவளி சரக்கு என்பது ஒப்பந்தம் போட்டபோதே அவருக்குத் தெரியும் என்பதையும் காட்டுங்கள், ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு அதைத்தான் கேட்கிறது. அவர் தரப்பு வாதம் பெரும்பாலும் இப்படி வரும்: 60×90 அங்குல அளவுக்கும் 90×108 அளவுக்கும் ஸ்டிக்கர் ஒட்டாமல் ஒரே பேலில் அனுப்பினீர்கள், பிரிக்கவே நேரம் போயிற்று. அப்படி நடந்திருந்தால் தொகை குறையும். தினம் எத்தனை பார்சல் போனது என்று காட்ட, கூரியர்காரரின் தினசரி பிக்கப் பட்டியலை இப்போதே வாங்கி வையுங்கள்.

வழக்குத் தொகை 3 லட்சத்துக்குக் குறையாததால் இது வணிக வழக்கு. சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சமரசம் பேசாமல் தாக்கல் செய்ய முடியாது. பொங்கலுக்குள் சரக்கு வேண்டுமென்று அவசர இடைக்கால உத்தரவு கேட்டால் நேரே போகலாம்.

சரக்கை எடுக்கும் நாளில் இருவரும் எண்ணி, பேல் எண்ணோடு கையெழுத்து வாங்குங்கள். இ-வே பில் (சரக்கு வண்டிக்கான ஜிஎஸ்டி மின்சீட்டு) இல்லாமல் வண்டி ஏற்றாதீர்கள். அந்தக் கிடங்கை உங்கள் ஜிஎஸ்டி பதிவில் கூடுதல் வணிக இடமாகச் சேர்த்திருக்கிறீர்களா என்பதையும் அதற்கு முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.