ஓரத்தில் இழுத்தால் எங்கே போகும்? – கேள்வி பதில்

புதுச்சேரியில் உட்கார்ந்து மொபைல் பிரவுசர்களுக்கு வடிவமைப்பு செய்கிறேன். திரையை விரலால் இழுத்துப் பின்னால், முன்னால் போவது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் இதோ.

லாஸ்பேட்டை மாணவி: வலப்பக்கமாக இழுத்தால் ஏன் பின்னால் போகிறது?

சீட்டுக்கட்டில் மேல் சீட்டை வலப்பக்கம் தள்ளிப் பாரும்மா, அடியில் இருப்பது தெரியும். 2013இல் ஐபோனின் ஐஓஎஸ் 7 காட்டியதும் இதைத்தான்: நடப்புப் பக்கம் விரலோடு நகரும், அடியில் முந்தைய பக்கம் எட்டிப் பார்க்கும். அரபி மாதிரி வலமிருந்து இடமாகப் படிக்கிறவர்களுக்கு இது தலைகீழ். ஆண்ட்ராய்டு 10 (2019) வேறு வழியில் போனது. பொத்தானுக்குப் பதில் விரலால் இழுக்கும் சைகை முறையில், இடது வலது எந்த ஓரத்திலிருந்து இழுத்தாலும் பின்னால்தான். முன்னால் போக குரோமின் மூன்று புள்ளி மெனுவில் அம்புக்குறி இருக்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. பின்னால் போவது நிமிஷத்துக்கு நாலு தடவை நடக்கும், முன்னால் போவது எப்போதாவது. இரண்டுக்கும் சரிசமமாக இடம் ஒதுக்க வேண்டியதில்லை.

கடலூர் முதுநகர், கடை வெப்சைட் செய்பவர்: புடவைப் படங்களைத் தள்ளினால் பக்கமே பின்னால் போய்விடுகிறது, சார்.

படவரிசைக்கு, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் ஓவர்ஸ்க்ரோல்-பிஹேவியர்-எக்ஸ் என்பதை 'கன்டெய்ன்' என்று வையுங்கள். குரோமில் 2017 முதல், ஐபோனின் சஃபாரியில் 2022இன் 16ஆம் பதிப்பு முதல் உண்டு. வரிசை முடிந்த பிறகும் தள்ளினால் அது பக்கத்துக்குத் தாவாது. ஆனால் ஆண்ட்ராய்டு போனே பிடித்துக்கொள்ளும் சிஸ்டம் சைகை இதற்கு அடங்காது. ஐபோனின் ஓர இழுப்பு அடங்கும் என்று நம்பி இறங்காதீர்கள். ஓரத்தோடு சண்டை போடாமல் முதல் படத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள், பக்கத்தில் அம்புப் பொத்தானும் கொடுங்கள். தனி ஆப் என்றால் ஆண்ட்ராய்டிடம் ஓரத்தில் பின்னால் போகும் சைகைக்கு விலக்கு கேட்கலாம், ஆனால் ஒரு ஓரத்துக்கு 200 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) உயரம்தான் தரும்.

நெல்லித்தோப்பு: ஃபார்ம் பாதியில் கை பட்டு எல்லாம் போச்சு!

எனக்கும் நடந்திருக்கிறது. கடலூர் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு விண்ணப்பம் நிரப்பினேன். ஸ்பீடு பிரேக்கரில் பஸ் துள்ளியது, கட்டைவிரல் வழுக்கியது, எல்லாம் காலி. நல்ல சைகையில் பாதி வழியில் மனசு மாறலாம். விரலைத் திருப்பிக் கொண்டுபோனால் பக்கம் பழைய இடத்துக்கே வர வேண்டும். எவ்வளவு தூரம் இழுத்தார் என்பதைவிட, விரலை எடுக்கும்போது அது எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் போனது என்பதைப் பார்த்து முடிவெடுப்பதே என் வழக்கம். ஆனால் இது பிரவுசர் செய்கிறவர் கையில். ஃபார்ம் செய்கிறவர் எழுத எழுதச் சேமித்துவிட வேண்டும். 'வெளியேறவா?' என்று கேட்கும் பெட்டியை மொபைலில் நம்ப முடியாது.

அரியாங்குப்பம், டெவலப்பர்: ஐபோனில் இழுத்தால் அனிமேஷன் இரண்டு முறை ஓடுகிறது.

சஃபாரி ஒருமுறை தள்ளிக் காட்டிவிட்டது, பின்னால் போனதைப் பக்கத்துக்குச் சொல்லும் பாப்ஸ்டேட் என்ற நிகழ்வு வந்ததும் உங்கள் கோட் மறுபடி காட்டுகிறது. அந்தப் பாப்ஸ்டேட்டிலேயே பிரவுசர் அனிமேஷன் காட்டியதா என்று சொல்லும் மதிப்பு உண்டு, அதைப் பார்த்து உங்களுடையதை நிறுத்துங்கள்.

வில்லியனூர்: அம்மாவுக்கு இந்த இழுப்பு வரவே மாட்டேங்குது.

முதலில் போன் கவரைப் பாருங்கள். துறைமுகத்தில் மீன் விற்கும் அக்கா ஒருவர் இதையே சொன்னார். அவர் போனில் தடித்த ரப்பர் கவர், விளிம்பு திரையைவிட உயரம். விரல் ரப்பரில் ஏறி இறங்கித் திரையைத் தொடும்போது, இழுப்பைக் கவனிக்கும் ஓரப்பட்டையைத் தாண்டிவிடுகிறது. போதாக்குறைக்கு ஈரக் கை. ஆண்ட்ராய்டு செட்டிங்கில் ஒவ்வொரு ஓரத்துக்கும் உணர்திறனைக் கூட்டலாம். நான் அதைக்கூடச் செய்யவில்லை, திரையின் அடியில் வரும் பழைய மூன்று பொத்தானையே போட்டுக் கொடுத்தேன். மறுநாள் போனபோது, "இதை முன்னாடியே வெச்சிருக்கலாம்ல தம்பி" என்றார்.