ஒரே லினக்ஸில் நிற்பதா, மாற்றி மாற்றிப் பார்ப்பதா?

கீழக்கரையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பரின் கேள்வி இது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்ததும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு வந்துவிட்டார். இப்போது உபுண்டு, மின்ட், ஃபெடோரா என்று அதன் வகைகள் எல்லாமே கண்ணை இழுக்கிறதாம்.

கடைக் கணினியில் ஒன்றோடு நில்லுங்கள். பட்டா நகல் கேட்டு வாசலில் ஆள் நிற்கும்போது பிரிண்டர் டிரைவர் தேடிக்கொண்டிருக்க முடியாது. உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புக்கு ஐந்து ஆண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். மின்ட்டும் அதன்மேல் கட்டியதுதான், விண்டோஸ் பழகிய கைக்கு இன்னும் இலகு. என் ஓட்டு மின்ட்டுக்கு.

அதற்காக ஆசையை அடக்க வேண்டாம். ஒரு 32 ஜிபி பென்டிரைவில் வென்டாய் (ஒரே பென்டிரைவில் பல லினக்ஸ்களை வைக்க உதவும் மென்பொருள்) நிறுவி, ஒவ்வொரு லினக்ஸையும் தரவிறக்கும்போது கிடைக்கும் ஐஎஸ்ஓ கோப்புகளை அப்படியே நகலெடுங்கள். கணினியை அதிலிருந்து தொடங்கினால் பட்டியல் வரும்; வேண்டியதை லைவாக, அதாவது நிறுவாமலே, ஓட்டலாம். நீங்களாக நிறுவாதவரை ஹார்ட் டிஸ்க் அப்படியே இருக்கும். வால்பேப்பர் அழகில் மயங்காமல் வைஃபை, ஸ்கேனர், தமிழ்99 விசைப்பலகை மூன்றையும் முதலில் பாருங்கள்.

வீட்டில் அரசு கொடுத்த பழைய மடிக்கணினி கிடந்தால் (இந்தியாவில் உருவான பாஸ் என்ற லினக்ஸோடு வந்தவையும் உண்டு, திறந்து பார்த்தவர்கள்தான் குறைவு) லுபுண்டு மாதிரி இலகுவானதை அதில் நிறுவிப் பாருங்கள். கடைக் கோப்புகளை மட்டும் அதில் வைக்காதீர்கள்.